தைராய்டு கேன்சர் சிகிச்சை முடிந்த 23 வயதுப் பெண்ணுக்குப் படபடப்பு, தூக்கமின்மை, அழுகை: மாத்திரையாலா, மனதாலா?

நீங்கள் எழுதியதை ஒருமுறை சுருக்கிக்கொள்கிறேன். மும்பை செம்பூரில் இருக்கும் உங்கள் தங்கைக்கு வயது 23, எடை 52 கிலோ. பாப்பில்லரி வகைத் தைராய்டு கேன்சர், கழுத்து நிணநீர்க் கணுக்கள் சிலவற்றிலும் இருந்தது. சுரப்பியை முழுதாக எடுத்து ஐந்து மாதம், ரேடியோ அயோடின் (மிச்சமிருக்கும் தைராய்டு செல்களை அழிக்கும் கதிரியக்க அயோடின்) கொடுத்து மூன்று மாதம் ஆகிறது. இப்போது தினமும் தைராக்சின், அதாவது தைராய்டு ஹார்மோன் மாத்திரை, 125 மைக்ரோகிராம். கடைசி ரிப்போர்ட்டில் டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) 0.04, தைரோகுளோபுலின் (தைராய்டு செல்கள் மிச்சமிருக்கின்றனவா என்று காட்டும் புரதம்) 0.2க்குக் கீழே. எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆறு மாதம் கழித்து வரலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் தங்கை இரவு மூன்று மணி வரை தூங்குவதில்லை, நெஞ்சு படபடக்கிறது என்கிறார், விரல் மரத்துப்போகிறது என்கிறார், வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார், உங்கள் இரண்டு வயதுக் குழந்தையைத் தூக்க மறுக்கிறார். போன வாரம் "ஆபரேஷன்லயே போயிருக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். அம்மாவோ, "இருக்கிற கேன்சர்லயே இதுதான் நல்ல கேன்சர்னு டாக்டரே சொல்லிட்டாரே, அப்புறம் ஏன் அழுறே" என்கிறார். இது மாத்திரையாலா மனதாலா, மனநல மருத்துவரிடம் போனால் கல்யாணத்துக்கு இடைஞ்சல் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்விக்கு அடியில் இருப்பது, முதலில் எந்த டாக்டரிடம் போவது என்பதுதான். இரண்டு பேரிடமும், இதே வாரத்தில். ஒன்று சரியாகட்டும், பிறகு அடுத்ததைப் பார்க்கலாம் என்று காத்திருப்பதில்தான் பல குடும்பங்களில் மாதங்கள் வீணாகின்றன. கேன்சர் நோயாளிகளின் மனநலம் சார்ந்த வேலையில் பல வருடங்களாக இருப்பவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். நேரில் பார்க்காமல் இவருக்கு இன்னதுதான் என்று நோயைத் தீர்மானிக்க யாராலும் முடியாது, நானும் அதைச் செய்யப்போவதில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால், "போயிருக்கலாம்" என்ற அந்தப் பேச்சு. அதைக் கோபத்தில் சொன்னதாக எடுத்துக்கொண்டு கடந்துபோக வேண்டாம். இன்றைக்கே, வேறு யாரும் இல்லாத நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள்: "செத்துப்போயிடலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அது தவறு என்பது நன்கு ஆராயப்பட்ட விஷயம். பெரும்பாலானவர்களுக்கு யாரோ கேட்டார்களே என்ற ஆறுதல்தான் வருகிறது. தோன்றுகிறது, ஆனால் திட்டம் எதுவும் இல்லை என்றால் இரண்டு மூன்று நாளுக்குள் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். திட்டம் இருக்கிறது என்றாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ அன்றைக்கே அவசரப் பிரிவு, அதுவரை தனியாக விடக் கூடாது. நடு இரவில் என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 14416, அரசின் டெலி மானஸ் எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழைத் தேர்ந்தெடுத்துப் பேசலாம். வீட்டில் இருக்கும் மாத்திரை பாட்டில்கள் எல்லாம் உங்கள் பொறுப்பில் இருக்கட்டும். ஒரு வாரத்துக்கானதை மட்டும் நாள் வாரியாகப் பிரித்த டப்பாவில் போட்டுக் கொடுங்கள். மாத்திரை விட்டுப்போனதா என்று பார்க்கவும் அது உதவும்.

இப்போது உடம்புப் பக்கம். தைராய்டு முழுவதும் எடுத்தவர்களுக்கு இழந்த ஹார்மோனை ஈடுகட்ட, உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம் தைராக்சின் தேவைப்படும். கேன்சருக்காக எடுத்திருந்தால், மிச்சம் மீதி செல்களை டிஎஸ்ஹெச் தூண்டிவிடாமல் இருக்க, அதைத் தாழ்த்தி வைப்பதற்காகக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுப்பார்கள். 52 கிலோவுக்கு 125 என்றால் கிலோவுக்கு 2.4, அதாவது நன்றாகவே கூடுதல். டிஎஸ்ஹெச் 0.04 என்பதும் அதையேதான் காட்டுகிறது. இந்த அளவில் சிலருக்கு ஒன்றுமே தெரியாது. சிலருக்குப் படபடப்பு, கைநடுக்கம், வியர்வை, எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் வரும். எவ்வளவு தாழ்த்த வேண்டும் என்பது நோய் திரும்பும் அபாயத்தைப் பொறுத்தது. அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டுதல்படி, ஆரம்ப கட்டத்தில் அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு 0.1க்குக் கீழே, நடுத்தர அபாயத்துக்கு 0.1 முதல் 0.5 வரை, அபாயம் குறைவாக இருந்து, சிகிச்சையில் நல்ல பலன் கிடைத்தவர்களுக்கு 0.5 முதல் 2 வரை போதும். தங்கை இதில் எந்தப் பிரிவு என்று என்டோகிரைனாலஜிஸ்ட்டிடம் (ஹார்மோன் நோய்களுக்கான டாக்டர்) கேளுங்கள். நடுத்தரம் என்றால் டோஸைக் கொஞ்சம் குறைக்க இடமிருக்கிறது. நீங்களாகக் குறைக்கவோ, இரண்டு நாள் நிறுத்திப் பார்க்கவோ வேண்டாம். தைராக்சினின் அரை ஆயுள், அதாவது உடம்பில் அது பாதியாகக் குறைய ஆகும் நேரம், சுமார் ஒரு வாரம், அதனால் இரண்டு நாள் நிறுத்தினால் எதுவும் விளங்காது, குழப்பம்தான் மிஞ்சும்.

டாக்டரைப் பார்க்கும்வரை ஒரு வேலை செய்யலாம். காலையில் எழுந்ததும், படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன், மணிக்கட்டில் விரல் வைத்து முழு ஒரு நிமிடம் நாடித்துடிப்பை எண்ணி எழுதி வையுங்கள், ஏழு நாள். படுத்த நிலையிலேயே தினமும் 90, 100 என்று இருந்தால் ஹார்மோன் மீது சந்தேகம் வலுக்கிறது. காலையில் 70, ஆனால் ராத்திரி போனும் கையுமாக இருக்கும்போதும், ஆஸ்பத்திரி பேச்சு வரும்போதும் மட்டும் 110 என்றால் பதற்றத்தின் பங்கு அதிகம். இது நோயைக் கண்டுபிடிக்கும் முறை ஆகாது, ஆனால் ஐந்து நிமிட ஓபிடி-யில் "படபடப்பா இருக்கு" என்பதைவிட ஏழு எண்கள் எழுதிய துண்டுச் சீட்டு டாக்டருக்கு அதிகம் சொல்லும்.

விரல் மரப்பதை நான் தனியாக எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இங்கேதான் அடிக்கடி தவறு நடக்கிறது. தைராய்டின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் ஆபரேஷனில் அடிபட்டால் ரத்தத்தில் கால்சியம் குறையும். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் ஊசி குத்துவதுபோல் இருக்கும், தசை இழுக்கும், கூடவே காரணமில்லாத பதற்றமும் வரும். இதைப் பார்த்துவிட்டு "டென்ஷன்" என்று சொல்லி அனுப்பிவிடுவதுண்டு. மறுபக்கம், பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கினாலும் அதே உதட்டிலும் விரலிலும் மரப்பு வரும். ஆளைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. மரப்பு இருக்கும் நாளிலேயே கால்சியமும் ஆல்புமினும் (ரத்தத்தில் கால்சியத்தைச் சுமக்கும் புரதம்) சேர்த்துப் பார்க்க வேண்டும். கால்சியம் சரியாக இருந்தால் அது மூச்சினால் வருவதாக இருக்கலாம், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்; குறைவாக இருந்தால் அன்றே டாக்டருக்கு போன் செய்யுங்கள். கை விரல்கள் மடங்கி இழுத்துக்கொண்டாலோ வலிப்பு வந்தாலோ அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

அந்த ரத்தப் பரிசோதனையோடு டிஎஸ்ஹெச், ஃப்ரீ டி4 (ரத்தத்தில் இருக்கும் தைராக்சின் அளவு), மெக்னீசியம், பி12, வைட்டமின் டி, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பு) ஆகியவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். பி12-உம் இரும்புச்சத்தும் குறைந்தாலே சோர்வும் மனச்சோர்வும் வரும், நம் ஊர்ப் பெண்களிடம் இரண்டுமே மிகச் சாதாரணம். ரத்தம் கொடுத்த பிறகு அன்றைய தைராக்சினைப் போட்டுக்கொள்ளட்டும். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று அவசியம் கேளுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு முடி கொட்டும்போது கடையில் கேட்டு வாங்குவது வழக்கமாகிவிட்டது. பல லேப்களின் பரிசோதனை முறையில் பயோட்டின் குறுக்கிட்டு டிஎஸ்ஹெச்-ஐப் பொய்யாகக் குறைத்தும் டி4-ஐப் பொய்யாகக் கூட்டியும் காட்டும், தைரோகுளோபுலினும் தவறாகக் குறைந்து தெரியலாம். குறைந்தது இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். மாத்திரை போடும் முறையும் முக்கியம்: வெறும் வயிற்றில், தண்ணீரோடு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை காபி, டீ எதுவும் இல்லாமல். எழுந்ததும் ஃபில்டர் காபி குடிக்கும் வீடுகளில் இந்த அரை மணிதான் முதலில் தவறுகிறது. கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இவையெல்லாம் நாளுக்கு நாள் மாறினால் ஹார்மோன் அளவும் ஏறி இறங்கும், அளவோடு சேர்ந்து மனநிலையும் ஆடும்.

டோஸ் மாற்றினால், படபடப்பும் நடுக்கமும் பொதுவாக இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் குறையத் தொடங்கும். டிஎஸ்ஹெச்-ஐ ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் மறுபடி பார்க்க வேண்டும், அதற்கு முன் பார்த்தால் எண் நிலைத்திருக்காது. டோஸ் சரியான பிறகும் எது மிச்சமிருக்கிறதோ அது பெரும்பாலும் மாத்திரையால் வந்ததாக இருக்காது. குழந்தையைத் தூக்க மறுப்பதும், வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பதும், செத்திருக்கலாம் என்பதும் எந்த டிஎஸ்ஹெச் எண்ணாலும் முழுதாக விளங்காது. அதனால்தான் எட்டு வாரம் காத்திருக்க வேண்டாம் என்கிறேன்.

இனி மனம். ரிப்போர்ட் நன்றாக இருக்கும்போது ஏன் இப்படி என்று உங்களுக்குப் புரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இந்த நேரத்தில்தான் வரும். ஆபரேஷன் தேதி, பயாப்ஸி, அயோடின் இல்லாத சாப்பாடு, தனி அறை என்று ஒன்றன்பின் ஒன்றாக வேலை இருந்தவரை பயப்படவே நேரமிருந்திருக்காது. எல்லாம் முடிந்து, ஆறு மாதம் கழித்து வா என்று அனுப்பிய பிறகுதான் நடந்தது என்ன என்பது உறைக்கிறது. ரேடியோ அயோடினுக்காக மூன்று நான்கு வாரம் தைராக்சினை நிறுத்தியிருந்தால், அந்தச் சமயத்தில் உடம்பும் மூளையும் மந்தமாகி, மறதியும் அழுகையுமாக இருந்திருப்பார். அந்த ஞாபகமும் உள்ளே இருக்கும்: என் மனசு என் கட்டுப்பாட்டில் இல்லை என்ற பயம். இருபத்து மூன்று வயதில் கூடப் படித்தவர்கள் வேலை மாறுகிறார்கள், கல்யாணம் செய்கிறார்கள், கோவாவுக்குப் போய்ப் படம் போடுகிறார்கள். இவர் மட்டும் தைரோகுளோபுலின் எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அம்மா சொல்லும் "நல்ல கேன்சர்" பற்றி. அதில் இருக்கும் தகவல் சரிதான். பாப்பில்லரி வகை இளம் வயதில் மிக நன்றாகக் குணமாகும். 55 வயதுக்குக் கீழே, கணுக்களுக்குப் பரவியிருந்தாலும் உடம்பின் தூரப் பகுதிகளுக்குப் போகாதவரை அதை முதல் நிலை என்றே வகைப்படுத்துகிறார்கள். ஆனால் அந்த வார்த்தையைக் கேட்ட பெண்ணுக்கு, அழுவதற்குக்கூட உரிமையில்லை என்று ஆகிவிடுகிறது. கீமோ எடுப்பவர்கள் முன்னால் நான் எதற்காக அழ வேண்டும் என்று நினைத்து வாயை மூடிக்கொள்கிறார்கள், மூடிக்கொண்டது இரவு மூன்று மணிக்கு வெளியே வருகிறது. அம்மாவிடம் இதைச் சண்டையாக இல்லாமல் எடுத்துச் சொல்லுங்கள். அவருக்கும் பயம், அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவரும் தூங்குகிறார். "உயிருக்குப் பயம் இல்லைன்னு டாக்டர் சொன்னது உண்மை. ஆனா நீ பட்டது கஷ்டம்தான்மா" என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னாலே போதும்.

குழந்தையைத் தூக்காதது கதிரியக்கப் பயமாக இருக்க வாய்ப்பு அதிகம், கேட்டுப் பாருங்கள். குழந்தைகளிடமும் கர்ப்பிணிகளிடமும் நெருங்கக் கூடாது என்று டிஸ்சார்ஜின்போது சொல்வார்கள். அது எந்தத் தேதியோடு முடிகிறது என்பது பதற்றத்தில் காதில் ஏறாது. ஒரு ஹால், ஒரு கிச்சன் வீட்டில் தட்டைத் தனியாகக் கழுவி, மூலையில் தனியாகப் படுத்த நாட்கள் மனதில் அழுத்தமாகப் பதிந்துவிடும். அவருக்குக் கொடுத்த ரேடியோ அயோடினான அயோடின் 131-இன் அரை ஆயுள் 8 நாள். 90 நாளில் பதினொரு முறை பாதியாகிவிட்டது, அதாவது இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே; அதிலும் பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே சிறுநீரில் வெளியேறிவிட்டது. குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம். இந்தக் கணக்கை அவரையே ஒரு தாளில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லி நம்புவதைவிட, தானே போட்ட கணக்கு நிற்கும்.

துப்பட்டாவுக்கு அடியில் தழும்பு மட்டும் இல்லை, பெரும்பாலும் ஒரு கையும் இருக்கும். கழுத்தைத் தடவிக்கொண்டே இருக்கிறாரா என்று கவனியுங்கள். தடவத் தடவ ஏதாவது ஒன்று கையில் தட்டுப்படும்: தாடைக்குக் கீழ் உமிழ்நீர்ச் சுரப்பி, குரல்வளையின் குருத்தெலும்பு, தையல் போட்ட இடத்தின் தடிப்பு. ரேடியோ அயோடினுக்குப் பிறகு சாப்பிடும்போது தாடையோரம் வீங்கி வலிப்பதும் உண்டு. அது உமிழ்நீர்ச் சுரப்பியின் பாதிப்பு, கேன்சர் திரும்பியது அல்ல, ஆனாலும் டாக்டரிடம் காட்ட வேண்டியதுதான். "இங்க கட்டி மாதிரி இருக்கா பாரு" என்று உங்களிடம் கேட்டிருப்பார், "ஒண்ணுமில்ல" என்று நீங்களும் பத்து தடவை சொல்லியிருப்பீர்கள். அந்தச் சமாதானம் பத்து நிமிடம்தான் தாங்கும், அடுத்த முறை அதற்குக் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும். தேதியே தெரியாமல் இருப்பது பயத்தை வளர்க்கும். அடுத்த கழுத்து ஸ்கேன் எந்தத் தேதி என்று இப்போதே வாங்கி வையுங்கள், ஸ்கேனுக்கும் ரிசல்ட்டுக்கும் இடையில் முடிந்தவரை குறைந்த நாட்கள் இருக்கும்படி கேளுங்கள். கையால் பார்ப்பது மாதம் ஒருமுறை, குறிப்பிட்ட நாளில், இரண்டு நிமிடம் என்று இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள். நடுவில் கேட்டால், "ஒண்ணாம் தேதி பார்க்கலாம்னு பேசியிருக்கோம்ல, இப்ப பயமா இருக்கா, வா கொஞ்சம் நடந்துட்டு வரலாம்" என்று சொல்லலாம். தழும்பு கன்றிச் சிவந்திருப்பது ஐந்து மாதத்தில் இயல்பு, ஒரு வருடம் வரை மங்கிக்கொண்டே போகும். சிலிகோன் ஜெல்லும் சன்ஸ்கிரீனும் உதவும், மேலே எழும்பித் தடித்தால் தோல் மருத்துவர் ஊசி போடுவார்.

மனநல மருத்துவர் முதலில் ஒன்பது கேள்விகள் கொண்ட மனச்சோர்வு அளவுகோலை, அதாவது பிஹெச்க்யூ-9-ஐக் கொடுக்கக்கூடும். தமிழிலும் இருக்கிறது. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டிய மனச்சோர்வு என்று கொள்வார்கள். தைராய்டு நோயாளியிடம் இதில் ஒரு சிக்கல்: சோர்வு, தூக்கம், பசி, கவனமின்மை பற்றிய கேள்விகளுக்கு ஹார்மோன் மட்டுமே காரணமாகி மதிப்பெண் ஏறிவிடலாம். அதனால் ஆர்வமின்மை, மனம் தளர்தல் பற்றிய முதல் இரண்டு கேள்விகளையும், தன்னைக் குறைவாக நினைப்பது, சாவைப் பற்றி நினைப்பது ஆகியவற்றையும் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை தேவையென்று செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம் போன்றவற்றை எழுதினால் பயப்பட வேண்டாம், இவற்றுக்கு அடிமையாகிவிட மாட்டார். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். 25 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று வீட்டில் கூர்ந்து பார்க்க வேண்டும். சிலருக்குச் செர்ட்ராலின் தைராக்சின் தேவையைக் கூட்டும் என்பதால் டிஎஸ்ஹெச்-ஐ மறுபடி பார்க்க வேண்டும். நிறுத்துவதையும் டாக்டர் சொல்லித்தான், படிப்படியாக. நோய் திரும்பும் பயத்துக்கு மாத்திரையைவிடப் பேச்சு சிகிச்சையில் நல்ல பலன் உண்டு: வாரம் ஒருமுறை, ஆறிலிருந்து பத்து அமர்வுகள். கவலைப்படுவதற்கென்று மாலையில் இருபது நிமிடம் ஒதுக்குவது, தவிர்த்த இடங்களுக்குச் சிறிது சிறிதாகத் திரும்புவது என்று நடைமுறை வேலைகளாகத்தான் இருக்கும்.

உறுதியாகாதவை சில. தைராக்சினோடு டி3 என்ற இன்னொரு தைராய்டு ஹார்மோனையும் சேர்த்தால் மனநிலை தேறும் என்று இணையத்தில் நிறையப் படிப்பீர்கள். ஆராய்ச்சி முடிவுகள் முன்னுக்குப் பின் முரணாக இருக்கின்றன, சிலருக்கு உதவுகிறது, பெரும்பாலானவர்களுக்கு வித்தியாசமில்லை. டிஎஸ்ஹெச்-ஐ நீண்ட காலம் தாழ்த்தி வைப்பது தன்னளவிலேயே மனச்சோர்வைத் தருமா என்பதிலும் ஒருமித்த முடிவில்லை. மன அழுத்தத்துக்கு என்று அஸ்வகந்தா கொடுக்கச் சொல்வார்கள். தைராய்டு ஹார்மோனைக் கூட்டியதாகவும் கல்லீரலைப் பாதித்ததாகவும் பதிவுகள் உண்டு, டாக்டருக்குத் தெரியாமல் வேண்டாம்.

மும்பையில் எங்கே போவது என்றால், டாடா மெமோரியல் கேன்சர் ஆஸ்பத்திரியில் கார்டு இருந்தால் அங்கேயே கேன்சர் நோயாளிகளுக்கான மனநலப் பிரிவு இருக்கிறது. சிகிச்சை தரும் டாக்டரிடம் ரெஃபர் செய்யச் சொல்லிக் கேளுங்கள், கேட்காதவரை பெரும்பாலும் யாரும் அனுப்ப மாட்டார்கள். இல்லையென்றால் பரேலில் கேஇஎம், அல்லது உங்களுக்குப் பக்கத்தில் சயான் ஆஸ்பத்திரி, இரண்டிலும் மனநல ஓபிடி இருக்கிறது, செலவு மிகக் குறைவு. எந்த மொழியில் பேச விருப்பம் என்று தங்கையிடமே கேளுங்கள். மும்பையில் வளர்ந்த பெண், மனதில் இருப்பதை இந்தியிலோ ஆங்கிலத்திலோ சுலபமாகச் சொல்லக்கூடும், வீட்டுத் தமிழில் சொல்ல வராமல் போகலாம். நீங்களோ அம்மாவோ உள்ளே உட்கார்ந்து மொழிபெயர்க்க வேண்டாம். முதல் பத்து நிமிடம் கூட இருந்து நாடிக் குறிப்பையும், மாத்திரைகளின் பெயர்களையும், அந்த "போயிருக்கலாம்" பேச்சையும் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

கல்யாணம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அவருடைய சிகிச்சை விவரங்கள் ரகசியம், சட்டமே சொல்லும் சில விதிவிலக்குகள் தவிர ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே போகக் கூடாது. பாப்பில்லரி வகை பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. பிள்ளை பெறுவதற்கும் தடையில்லை. ரேடியோ அயோடினுக்குப் பிறகு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை கருத்தரிக்க வேண்டாம் என்பார்கள், கர்ப்பமானால் தைராக்சின் டோஸைக் கூட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். மாப்பிள்ளை வீட்டில் சொல்வதா, எப்போது, யார் வாயால் என்பது தங்கை முடிவு செய்ய வேண்டியது. மறைத்துச் செய்யும் கல்யாணத்தில் தினமும் மாத்திரையை ஒளித்துப் போட வேண்டியிருக்கும், அது அவருக்கு இன்னொரு பாரம் என்பது என் கருத்து. திருநெல்வேலிச் சொந்தக்காரர்கள் போனில் வரன் பற்றிக் கேட்டால், அடுத்த ஸ்கேன் முடியும்வரை அந்தப் பேச்சு வேண்டாம் என்று அண்ணனாக நீங்களே சொல்லிவிடுங்கள், போனைத் தங்கையிடம் கொடுக்காமல்.